டிசைன் வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர்? முதலில் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் வாருங்கள்

"அண்ணே, மேக் வாங்கவா, விண்டோஸ் வாங்கவா? லினக்ஸ்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எப்படி?"

டிசைன், எடிட்டிங் பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "செஞ்சு முடிச்ச ஃபைலை யார் கையில கொடுக்கப் போறே?" அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. எனக்கும் ஒரு காலத்தில் வரவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு பத்தடி ஃப்ளெக்ஸ்.

எங்கள் அக்கா மகளுக்குக் காதணி விழா. நான் தாய்மாமன். மதுரைப் பக்கம் காதுகுத்து ஃப்ளெக்ஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும்: நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் மாமன்மார், கீழே வரிசையாக அம்பது அறுபது சொந்தக்காரர் தலைகள். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் இலவச இயங்குதளம்) போட்டு, இன்க்ஸ்கேப் என்ற இலவச டிசைன் சாஃப்ட்வேரில் இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். பென்டிரைவில் போட்டு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வைத்திருந்தது கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன். காலையில் மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறியபோது பிள்ளை பெயர் 'கௌசல்யா' உடைந்து கிடந்தது. 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், நடுவில் புள்ளியால் ஆன வட்டம் ஒன்று. அக்காவின் மாமியார், "பிள்ளை பேரையே ஒடச்சுப்புட்டீகளே தம்பி" என்றார். கடைக்காரர் மேல் தப்பில்லை. "எழுத்தைக் கர்வ் பண்ணிக் கொண்டாந்திருந்தா இந்த வம்பே இல்லையே" என்று அவர் சொன்னதுதான் இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம். கர்வ் பண்ணுவது என்றால், எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக எழுத்தை மாற்றுவது.

அதனால் இந்த வழிகாட்டி கடைசியிலிருந்து முதலுக்கு வரும். ஃபைல் போய்ச் சேரும் இடத்தை முதலில் பார்ப்போம், கம்ப்யூட்டரை அப்புறம் பார்ப்போம்.

படி 1: ஒரு நோட்டு, நாலு கேள்வி

என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். 'கிரியேட்டிவ் வேலை' என்று பொதுவாக எழுதினால் உதவாது. ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், கல்யாண வீடியோ, ரீல்ஸ், சுங்குடிக்கு டிசைன், பாட்டு ரெக்கார்டிங் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பிறகு அந்த வேலையை வாங்கிக்கொள்ளும் கடைக்கு நேரில் போய் இவற்றைக் கேளுங்கள்:

- என்ன சாஃப்ட்வேரில் திறக்கிறீர்கள், அதில் எந்த வெர்ஷன்?
- பிடிஎஃப் கொடுத்தால் போதுமா, இல்லை சிடிஆர் (கோரல்), பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைலே வேண்டுமா?
- கலர் ஆர்ஜிபியா (திரைக்கான நிற முறை), சிஎம்ஒய்கேவா (அச்சு மைக்கான நிற முறை)? ரெசல்யூஷன் எவ்வளவு?
- திருத்தம் வந்தால் நீங்களே செய்வீர்களா, நான் வர வேண்டுமா?

வெர்ஷனைக் கேட்க மறக்காதீர்கள். புதிய கோரலில் சேமித்த ஃபைல் பழைய கோரலில் திறக்காது. சேமிக்கும்போதே பழைய வெர்ஷனைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். நாலாவது கேள்வி சின்னதாகத் தோன்றும். ஆனால் அஞ்சலி போஸ்டர் வேலையில் அதுதான் எல்லாம். ராத்திரி பதினோரு மணிக்குச் சாவுச் செய்தி வரும், விடிவதற்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். 'மருமகன்' பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போச்சு என்று பன்னிரண்டு மணிக்கு போன் வரும். அப்போது கடைக்காரரே திறந்து திருத்துகிற மாதிரி ஃபைல் இருந்தால் நீங்கள் தூங்கலாம்.

நாலைந்து கடை ஏறி இறங்கினால் ஒரு விஷயம் புரிந்துவிடும். நம் ஊர் ஃப்ளெக்ஸ், பத்திரிகைத் தொழில் பெரும்பாலும் விண்டோஸ், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் என்ற மூன்று கால்களில் நிற்கிறது. இது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உண்மை நிலவரம்.

படி 2: மூன்று வீடுகளையும் சுற்றிப் பாருங்கள்

*விண்டோஸ்.* அச்சுத் தொழிலுக்குள் போகப்போகிறவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். கோரல், அடோபி எல்லாம் ஓடும். பழுது பார்க்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். டெஸ்க்டாப் என்றால் ரேமும் டிஸ்கும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பழைய தட்டச்சு முறையில் பழகிய டிடிபிகாரர்களுக்கு என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சுக் கருவி விண்டோஸுக்குக் கிடைக்கிறது. பாமினி, பழைய டைப்ரைட்டர், தமிழ்99 என எதில் பழகியவரும் அதில் அடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும். கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட்ஹேண்ட் லேப்டாப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் 6, 7-ஆம் தலைமுறை நிறைய. 'சூப்பர் கண்டிஷன்' என்று கடைக்காரர் சொன்னாலும் எந்தத் தலைமுறை என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். இன்னொன்று, 'எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றேன்' என்பவர் போடுவது கிராக், அதாவது திருட்டுப் பதிப்பு. அதோடு சேர்ந்து வரும் வைரஸ் ஒரு நாள் வாடிக்கையாளர் கல்யாண ஆல்பத்தையே தின்றுவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

*மேக்.* 2020 நவம்பரில் எம்1 சிப் வந்த பிறகு மேக்கைப் பற்றிய பழைய கணக்குகள் மாறிவிட்டன. குறைந்த மின்சாரத்தில் வீடியோ நன்றாக ஓடுகிறது, திரையின் நிறம் நம்பும்படி இருக்கிறது. வீடியோவுக்கான ஃபைனல் கட் ப்ரோ, இசைக்கான லாஜிக் ப்ரோ இரண்டும் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே. ஐமூவி, கராஜ்பேண்ட் காசில்லாமல் வருகின்றன. கோரல்டிராவும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2019-இல் மேக்குக்குத் திரும்பி வந்தது. ஆனால் நம் ஊர்க் கடையில் மேக் வைத்துக் கோரல் ஓட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், வாங்கும்போது எடுத்த ரேம்தான் கடைசி வரை. எனவே 8 ஜிபி உள்ள பழைய மாடலை மலிவு என்று எடுக்காதீர்கள். மேக்புக் ஏரில் 2024 அக்டோபர் முதல் ஆரம்ப மாடலுக்கே 16 ஜிபி தருகிறார்கள். இன்டெல் சிப் உள்ள செகண்ட்ஹேண்ட் மேக்புக் வேண்டவே வேண்டாம். மேக்ஓஎஸ் 26, அதாவது டாஹோதான் இன்டெல் மேக்குக்குக் கிடைக்கும் கடைசி வெர்ஷன் என்று ஆப்பிளே சொல்லிவிட்டது.

வீட்டில் ஏற்கெனவே மானிட்டரும் கீபோர்டும் கிடந்தால் மேக் மினி நல்ல வழி. எம்4 மினி 2024-இல் இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதில் மின்விசிறி உண்டு. மேக்புக் ஏரில் கிடையாது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேர வீடியோவை ரெண்டர் (எடிட் முடிந்ததை ஃபைலாக எடுப்பது) போட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஏர் சூடேறி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

*லினக்ஸ்.* கையில் காசில்லாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நான் படித்ததே இங்கேதான். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறதா? அதிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் இருந்ததைப் பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரேம் குறைவான அந்த மெஷினில் இலகுவான ஒரு லினக்ஸைப் போட்டால் இன்க்ஸ்கேப் பழகுவதற்குப் போதும். ஓரளவு நல்ல மெஷின் என்றால் உபுண்டு ஸ்டூடியோ பாருங்கள். வரைய கிரிட்டா, படத்துக்கு கிம்ப், வெக்டருக்கு (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வரைவு) இன்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ், வீடியோவுக்கு கேடென்லைவ், 3டிக்கு பிளெண்டர் என ஒரு கடையே இலவசமாக வரும். இதே சாஃப்ட்வேர்கள் விண்டோஸிலும் ஓடும் என்பதால் பழகியது வீண்போகாது.

சுங்குடி மாதிரியான டிசைனுக்கு இங்கே ஒரு தனிச் சுகம் உண்டு. புள்ளி வரிசையைத் திரும்பத் திரும்ப அடுக்க இன்க்ஸ்கேப்பில் 'டைல்டு குளோன்ஸ்' இருக்கிறது. கிரிட்டாவில் 'ரேப்அரவுண்ட்' முறையைப் போட்டு ஒரு கட்டத்தில் வரைந்தால், ஓரம் ஒட்டுத் தெரியாமல் எட்டுத் திசையும் அதுவே பரவும். நான் பணம் கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேரில்கூட இவ்வளவு சுலபமாக அது வந்ததில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஃபோட்டோஷாப்பும் கோரலும் லினக்ஸுக்குக் கிடையாது. இன்க்ஸ்கேப் சிடிஆர் ஃபைலைத் திறக்கும். ஆனால் உள்ளே இருப்பது இருந்தபடி வரும் என்று நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் மூன்று தளத்திலும் இலவசமாக ஓடுகிறது, உண்மைதான். ஆனால் லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகள்) வீடியோவைத் திறக்காது. நம் கேமராவும் போனும் எடுப்பதெல்லாம் அந்த இரண்டில்தான். இதைத் தெரியாமல் ஒரு நாள் முழுக்க 'ஏன் படம் வரவில்லை' என்று முட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். கேடென்லைவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

*டேப்லெட்.* வரைகிறவர்களுக்கு மட்டும். ப்ரோகிரியேட் என்ற வரையும் ஆப் ஐபேடில்தான் உண்டு, ஒரே முறை பணம் கட்டினால் போதும். அதை ஒரே கம்ப்யூட்டராக வைத்துப் பத்திரிகை வேலை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 3: 'கொக்கு' சோதனை

தமிழில் வேலை செய்யும் நமக்குத் தவிர்க்க முடியாத ஒரு படி இது. எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கொ' என்பது 'க' முதலில், 'ொ' குறி பிறகு என்று சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் நிறுத்துவது சாஃப்ட்வேரின் வேலை. அது தெரியாத சாஃப்ட்வேர் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு உதவாது.

எந்த சாஃப்ட்வேரை வாங்கும் முன்பும், அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் இந்த நாலு சொல்லை அடித்துப் பாருங்கள்: கொக்கு, கௌசல்யா, ஸ்ரீனிவாசன், மீனாட்சி. நாலும் நேராக வந்தால் பிடிஎஃப் எடுத்து, அதைப் போனில் திறந்து இன்னொரு முறை பாருங்கள். இன்க்ஸ்கேப், கிம்ப் போன்றவை சிக்கலில்லாமல் தேறும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனில் உடைந்தால் பயப்படாதீர்கள். எழுத்துக்கான அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' என்ற பெயரோடு ஒன்று இருக்கும், அதைப் போட்டதும் சரியாகிவிடும். பழைய ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அது தெற்காசிய மொழிகளுக்கானது என்ற பெயரில் இருக்கும்.

தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக் இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் எம்17என் தொகுப்பைப் போட்டால் வந்துவிடும். மேக்கில் கூடவே அஞ்சல் முறையும் உண்டு. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் கை பழகியது மாறாது என்பதால் புதிதாகக் கற்பவர் தமிழ்99-ஐப் பழகுங்கள்.

அப்புறம் பாமினி விவகாரம். பழைய பத்திரிகை மேட்டர் பாதி அந்த மாதிரி எழுத்துருக்களில்தான் உங்களிடம் வரும். ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைச் சட்டை மாதிரி மாட்டிவிட்ட ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் சட்டை கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு பெயரையும் நீங்களே ஒரு தடவை வாசித்தாக வேண்டும். இனிஷியல்கள் அதில் அடிக்கடி சிதறும்.

புதிய வேலைகளுக்கு யூனிகோடு எழுத்துருவே எடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு இலவசமாக நிறைய உண்டு. நம் ஊர்ப் பெயரிலேயே இரண்டு: ஹிந்த் மதுரை, அரிமா மதுரை (இப்போது 'அரிமா' என்று தேடுங்கள்). முதலாவது பத்தி எழுத்துக்கு நன்றாக அமரும். இரண்டாவதைத் தலைப்புக்கு வைத்தால் பத்திரிகைக்கு ஒரு வளைவும் நெளிவும் வரும்.

கடைக்கு அனுப்பும் முன் கடைசி வேலை, எழுத்தைக் கர்வ் பண்ணுவது. கோரலில் கன்ட்ரோல் + க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஓ, இன்க்ஸ்கேப்பில் பிடிஎஃப் எடுக்கும்போதே எழுத்தைப் பாதையாக மாற்றும் தேர்வு வரும். கர்வ் பண்ணாத மூலத்தை வேறு பெயரில் தனியாகச் சேமியுங்கள். பண்ணியதன் மேலேயே சேமித்துவிட்டால் 'மருமகன்' பெயரைச் சேர்க்க எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டும்.

படி 4: மெஷினைத் தேர்ந்தெடுப்பது

ரேமுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸை 72 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி) திறந்தால் 8640-க்கு 6912 பிக்சல். ஆர்ஜிபியில் முழு லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) ஒன்றே ஏறத்தாழ 180 எம்பி. அதன் மேல் அறுபது சொந்தக்காரர்களை வெட்டி ஒட்டி, நிழலும் ஒளியும் போட்டால் 8 ஜிபி மெஷின் மூச்சு வாங்கும். 16 ஜிபி குறைந்தபட்சம். வீடியோ என்றால் 32 இருந்தால் நல்லது. டிஸ்க் கண்டிப்பாக எஸ்எஸ்டி.

லேப்டாப் திரையின் நிற அளவு '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் தள்ளி வையுங்கள். அந்தத் திரையில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், நீங்கள் அதைச் சரிசெய்கிறேன் என்று ஏற்றிவிட்டால் பத்திரிகையில் ரத்தச் சிவப்பாக வரும். 100% எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேடுங்கள்.

கல்யாண வீடியோ எடுப்பவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இப்போதைய கேமராக்களில் 10-பிட் 4:2:2 எச்.265 என்ற முறையில் எடுக்கிறார்கள். நிறத் தகவல் கூடுதல், ஆனால் விரித்துக் காட்ட மெஷினுக்குத் தனித் திறன் வேண்டும். ஆப்பிள் எம் சிப்புகளிலும் இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸிலும் அது இருக்கிறது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. விலை கூடின கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் டைம்லைன் நொண்டுகிறதே என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மெஷினை மாற்ற முடியாதென்றால் ப்ராக்ஸி ஃபைல் (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் சிறிய நகல்) எடுத்து எடிட் செய்யுங்கள். ரிசால்விலும் கேடென்லைவிலும் அந்த வசதி உண்டு. ரிசால்வ் இலவசப் பதிப்பு 3840-க்கு 2160 வரை வெளியே எடுத்துத் தரும், கல்யாண வீட்டுக்கு அது தாராளம்.

பாட்டு, மேளம் பதிவு செய்பவர் மேக் எடுத்தால் தலைவலி குறைவு. தாமதம் இல்லாமல் கேட்க மேக்கில் தனி டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸ் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸோடு (மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டி) வரும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போடுங்கள்.

டெஸ்க்டாப் வாங்கினால் யுபிஎஸ் செலவையும் விலையோடு சேர்த்தே எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளிலா உங்களுக்கு அவசர வேலை வராது?

படி 5: வாங்கும் முன் வாடகை இல்லாமல் குடியிருங்கள்

லினக்ஸ் பிடிக்குமா என்று பார்க்க எதையும் அழிக்க வேண்டாம். நண்பர் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற கருவி கொண்டு ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே துவக்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். விண்டோஸில் இருப்பவர் கிரிட்டாவையும் இன்க்ஸ்கேப்பையும் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். மேக்கைத் தொட்டுப் பார்க்க ஷோரூம் இருக்கிறது. கூச்சப்படாமல் அரை மணி நேரம் நின்று 'கொக்கு' அடித்துப் பாருங்கள்.

ஒரு முழு வேலையைச் செய்து, கர்வ் பண்ணி, பிடிஎஃப் எடுத்து, படி 1-இல் பேசிய கடையில் ஏ4 அளவில் ஒரு பிரிண்ட் போடச் சொல்லுங்கள். சிவகாசிக்கு அனுப்பும் ஆஃப்செட் வேலை என்றால் சிஎம்ஒய்கே பிடிஎஃப் கேட்பார்கள். அதற்கு இன்க்ஸ்கேப் மட்டும் போதாது, ஸ்கிரைபஸ் வழியாகப் போக வேண்டும். இந்தச் சுற்று ஒரு தடவை தடங்கலில்லாமல் முடிந்தால், அந்தத் தளம் உங்களுக்கு ஆகும்.

பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். மூன்று தளமும் அதை வாசிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் வாசிக்க மட்டுமே செய்யும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேலான வீடியோ ஃபைல் ஏறாது. அதில் எப்போதும் மூன்று ஃபோல்டர் இருக்கட்டும்: கர்வ் பண்ணிய ஃபைல், பண்ணாத மூலம், பயன்படுத்திய எழுத்துருக்கள். கடையில் பிரிண்ட் கொடுக்கும் முன் அவர்கள் திரையிலேயே பெயர்களை உரக்க வாசியுங்கள், மாமன் பெயர்கள் உட்பட. நான் இப்போதும் வாசிக்கிறேன். ஆபரேட்டர் தம்பி சிரிப்பான், பரவாயில்லை.